கேமரா வெளியே வந்த கதை

விமான சிமுலேட்டரில் பறந்து வீடியோ போடும் ரசிகர்கள் தமிழிலும் உண்டு. அந்த வீடியோக்களுக்கு வரும் விமர்சனத்தில் பாதி, விமானத்தை ஓட்டிய விதத்தைப் பற்றியது அல்ல; கேமராவைப் பற்றியது. வாலுக்குப் பின்னாலேயே ஏன் ஓடுகிறது, தரையைத் தொடும் நேரத்தில் ஏன் கோணம் மாறுகிறது என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஏனென்றால், சிமுலேட்டர் பிறந்தபோது அதற்கு ஜன்னலே கிடையாது; கேமரா பிறகுதான் வந்து சேர்ந்தது.

1920களின் கடைசியில் அமெரிக்காவின் பிங்காம்டன் நகரில் எட்வின் லிங்க் அதை உருவாக்கினார். அவருடைய அப்பா ஆர்கனும் பியானோவும் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். ஆர்கனுக்குக் காற்று ஊதும் துருத்திகளையும் பம்புகளையும் கொண்டே சாய்ந்து திரும்பும் ஒரு சின்ன விமானப் பெட்டியைச் செய்தார் லிங்க். மூடியைச் சாத்திவிட்டால் உள்ளே இருப்பவருக்குக் கருவிகளின் முள்கள் மட்டும்தான் தெரியும். மேகத்துக்குள் கண் உதவாது, கருவியை நம்பு என்று பழக்குவதே நோக்கம். 1934இல் தபால் விமானங்களை ஓட்டிய ராணுவ விமானிகள் மோசமான வானிலையில் அடுத்தடுத்து இறந்த பிறகு, அமெரிக்க ராணுவம் இந்தப் பெட்டிகளை வாங்கியது.

வீட்டுக் கணினியில் அந்த ஜன்னலைத் திறந்தவர் புரூஸ் ஆர்ட்விக். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் படித்தபோது, விமானியின் கண்ணுக்குத் தெரியும் காட்சியைக் கணினியே வரைந்து காட்டும் வழியை ஆராய்ந்தார். ஆப்பிள் 2 கணினிக்கு அவர் எழுதிய சிமுலேட்டரில் உலகம் வெறும் கோடுகள்தான். 1982இல் மைக்ரோசாஃப்ட் அவருடைய சிமுலேட்டரை ஐபிஎம் கணினிக்குக் கொண்டுவந்தது. அப்போதும் நாம் விமானிதான். இருக்கையை விட்டு எழ முடியாது. 1988இல் வந்த மூன்றாம் பதிப்பில் தன் விமானத்தைத் தானே வெளியிலிருந்து பார்க்க முடிந்தது. பயிற்சிக்கு இது தேவையே இல்லை. அழகு பார்ப்பதற்காகவே கேமரா வெளியே வந்தது.

2006இல் வெளியான ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸில் ‘எஸ்’ விசையைத் தட்டத் தட்ட, காக்பிட், கட்டுப்பாட்டுக் கோபுரம், வெளிக் கோணம் என்று காட்சி மாறிக்கொண்டே போகும். யூடியூபும் அப்போதுதான் பரவத் தொடங்கியிருந்தது. விளையாடியவர் படம் எடுப்பவராக மாறினார். 2020இல் புதிய ஃப்ளைட் சிமுலேட்டர் வந்தபோது, பறந்ததைத் திரும்ப ஓட்டிப் பார்க்கும் வசதி அதில் இல்லை. ரசிகர்களே அதற்கு ‘ஸ்கை டாலி’ போன்ற நிரல்களை எழுதிக்கொண்டார்கள். முதலில் பறப்பது, பிறகு அதே பறத்தலை வேண்டிய கோணங்களில் படமாக்குவது என்று வேலை இரண்டாகப் பிரிந்தது.

விமர்சனம் வருவதும் இந்த இரண்டாவது வேலைக்குத்தான். விமானத்தோடு சேர்த்துக் கட்டிய கேமராவில் விமானம் அசையவே அசையாது. கோலில் செருகிய பொம்மையைப் போல நிற்கும், பூமிதான் பின்னால் நகரும். 1927இல் ‘விங்ஸ்’ படத்தை எடுத்த வில்லியம் வெல்மனுக்கும் இதே சிக்கல் இருந்தது. வெறும் நீல வானத்தில் வேகம் தெரியாது என்பதால், மேகம் வரும்வரை படப்பிடிப்பை நிறுத்திவைத்துக் காத்திருந்தார். அவருக்கு மேகம் செய்ததை, இறங்கும் விமானத்துக்கு ஓடுபாதையோரத்தில் அசையாமல் நிற்கும் கேமரா செய்கிறது. சின்னப் புள்ளியாக வரும் விமானம் பெரிதாகிறது. பக்கக்காற்றில் மூக்கு ஒரு பக்கம், போகும் திசை ஒரு பக்கமாக வருகிறது. கடைசி நொடியில் மூக்கு நேராகிறது, சக்கரம் புகைகிறது, கடந்து போனதும் என்ஜின் சத்தத்தின் சுருதி இறங்குகிறது. விமானத்தின் எடையும் விமானியின் கைத்திறமையும் கண்ணுக்குத் தெரிவது இங்கேதான்.

நம் ஊருக்குப் பழக்கமான கோணமும் இதுதான். 1910இல் மெட்ராஸ் ஹோட்டல்காரர் ஜாகொமோ டி’ஆஞ்சலிஸ் பல்லாவரத்தில் தன் விமானத்தைப் பறக்கவிட்டபோது, மக்கள் தரையிலிருந்துதான் அண்ணாந்து பார்த்தார்கள். சிமுலேட்டரிலும் அதே கோணத்தில் எடுக்க ஓர் இடம் சொல்கிறேன்: காஞ்சிபுரத்தை அடுத்த தாமல், சென்னை விமான நிலையத்துக்கு மேற்கே நேர்கோட்டில் ஏறக்குறைய 60 கி.மீ. தள்ளி இருக்கிறது. மேற்கிலிருந்து வந்து அங்கே 07 எண் ஓடுபாதையில் இறங்கப் போகும் விமானம் வழக்கமான மூன்று டிகிரிச் சரிவில் வருவதாக வைத்துக்கொண்டால், இந்தத் தொலைவில் சுமார் 10,000 அடி உயரத்தில் இருக்கும். 2020இல் வந்த சிமுலேட்டரின் நிலம் செயற்கைக்கோள் படங்களிலிருந்து உருவானது. ஆகவே தாமல் ஏரியையும் பெங்களூரு நெடுஞ்சாலையையும் அதில் தேடிக் கண்டுபிடிக்கலாம். ஏரிக்கரையில் கேமராவை நிறுத்தி, தலைக்கு மேல் போகும் விமானத்தை எடுத்தால், அந்த வீடியோவில் ஊரும் இருக்கும், உயரமும் இருக்கும்.

கேமரா எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்கிற சுதந்திரம்தான் இந்த வீடியோக்களைக் கெடுக்கிறது. ஓர் ஆள் நிற்கக்கூடிய இடமா, நிஜக் கேமராவைப் பொருத்தக்கூடிய இடமா என்று ஒவ்வொரு ஷாட்டுக்கும் கேட்டுக்கொண்டால் பாதிப் பிழை தானாக விலகிவிடும். விமர்சிப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: நன்றாக இல்லை என்பதோடு நிறுத்தாமல், எங்கே வைத்திருக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ராத்திரி முழுக்க உட்கார்ந்து எடுத்தவருக்கு அந்த ஒரு வரிதான் அடுத்த வீடியோவுக்கு உதவும்.