உடைமை

உடைமை (பெயர்ச்சொல்): ஒருவருக்கு உரியதாய் இருத்தல். 'உடை' என்னும் அடியில் பிறந்தது. உடையவர், உடையார் எல்லாம் அதன் கிளைகள். திருக்குறளில் அன்புடைமை, அடக்கமுடைமை என அதிகாரப் பெயர்களிலேயே நிற்கிறது.

உடைமை வேறு, அனுமதி வேறு. நீலகிரி எஸ்டேட் லயனில் தொழிலாளி தலைமுறையாகக் குடியிருக்கலாம், வீடு கம்பெனியுடையது. லினக்ஸ் சர்வரிலும் அப்படித்தான். குன்னூர் தேயிலைக் கடையின் இணையதளக் கோப்புகளை ஏற்றியவர் ஒருவர். உபுண்டுவில் அப்பாச்சி என்ற வெப் சர்வர் இயங்குவதோ 'டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா' என்ற பயனரின் பெயரில். ஸ்கிரிப்ட் படத்தைச் சேமிக்கப் போனால் 'பெர்மிஷன் டினைடு' என்று நின்றுவிடும். உடனே ஃபோல்டருக்கு 777 என்று அனுமதி போடுவது பெருந்தவறு. 4 படிக்க, 2 எழுத, 1 இயக்க. மூன்றும் கூடிய 7-ஐ சர்வரில் உள்ள எல்லோருக்கும் தூக்கிக் கொடுக்கிறோம். படம் சேரும் அந்த ஒரு ஃபோல்டரின் உடைமையை மட்டும், 'சேஞ்ச் ஓனர்' என்பது சுருங்கிய சிஎச்ஓன் கட்டளையால் அப்பாச்சியின் பயனருக்கு மாற்றினால் போதும்.