கலங்கள் வீசிய குப்பை



ஒரு துளி இரத்தத்தில் புற்றுநோயைக் கண்டுபிடிக்கலாம் என்ற செய்திகளை நம்மில் பலர் போனில் பார்த்திருப்போம். அவற்றில் அடிபடும் ஒரு பெயர் எக்சோசோம். அதன் கதை சுவாரசியமானது.

1967இல் பீட்டர் வுல்ஃப் என்ற ஆய்வாளர், குருதிச் சிறுதட்டுகளிலிருந்து உதிரும் நுண்துணிக்கைகளைக் கண்டு, அவற்றைத் 'தூசு' என்றே அழைத்தார். 1983இல் கனடாவின் மொன்றியல் நகரில் ரோஸ் ஜோன்ஸ்டன் செம்மறி ஆட்டின் முதிராத செங்குருதிக் கலங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். இரும்பை உள்ளெடுக்க உதவும் ஒரு புரதம் அந்தக் கலங்களின் மேற்பரப்பில் உண்டு. கலம் முதிரும்போது அது காணாமல் போகிறது. எங்கே போகிறது என்று தேடினால், கலமே அதை நுண்ணிய பைகளில் கட்டி வெளியே தள்ளியிருந்தது! அதே வருடம் அமெரிக்காவில் இன்னொரு குழுவும் எலியின் கலங்களில் இதையே கண்டது. 1987இல் ஜோன்ஸ்டன் வைத்த பெயர்தான் எக்சோசோம். பெயர் கிடைத்தது, மரியாதை கிடைக்கவில்லை. கலம் குப்பை கொட்டும் வழி என்றே பலரும் நினைத்தார்கள்.

2007இல் சுவீடனில் யான் லொட்வால் குழுவினர் அந்தப் பைகளுக்குள் ஆர்.என்.ஏ. இருப்பதைக் காட்டினார்கள். எலிக் கலத்தின் பைகளை மனிதக் கலத்துக்குக் கொடுத்தபோது, மனிதக் கலம் எலியின் புரதத்தை உருவாக்கியது. அப்படியென்றால் அது குப்பையல்ல, கடிதம். புற்றுநோய்க் கலமும் இப்படிக் கடிதம் போடுகிறது, குருதியிலும் சிறுநீரிலும் உமிழ்நீரிலும்.

அதை வாசிப்பது எப்படி? ஒரு மில்லிமீற்றரைப் பத்தாயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு, அவ்வளவுதான் பையின் பருமன். இங்குதான் டி.என்.ஏ. துண்டு உதவுகிறது. 1996இல் தியாகி, கிரேமர் இருவரும் கொண்டை ஊசி போல மடிந்த ஒரு இழையைச் செய்தார்கள். ஒரு முனையில் ஒளிரும் சாயம், மறு முனையில் அந்த ஒளியை அணைக்கும் பொருள். தனக்குச் சோடியான ஆர்.என்.ஏ. வந்து பொருந்தினால் ஊசி விரிகிறது, சாயம் ஒளிர்கிறது. வகுப்பில் நாங்கள் படிப்பிக்கும் அதே மூலச் சோடி விதிதான்! இப்போது இத்தகைய இழைகளை எக்சோசோமுக்குள் அனுப்பி நோயின் அடையாளத்தைத் தேடுகிறார்கள்.

ஆனால் இது இன்னும் பெரும்பாலும் ஆய்வுகூட வேலைதான். இதை நம்பி, வைத்தியர் சொன்ன பயொப்சியை யாரும் தள்ளிப்போட வேண்டாம். நலமான கலங்களும் இதே பைகளை இடைவிடாமல் விடுகின்றன. அந்தக் கூட்டத்துக்குள் நோயுற்ற கலத்தின் சில பைகளைப் பிரித்தெடுப்பதுதான் இன்னும் பெரிய தலைவலி.