மனநோய் ஏன் நம் கண்ணில் படுவதே இல்லை? தாராவி முதல் செம்பூர் வரை

காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் இருக்கிறது. சர்க்கரைக்கு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. மனச்சோர்வுக்கு அப்படி எதுவும் கிடையாது. தைராய்டு மாதிரி வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்க டெஸ்ட் எடுக்கலாம். மற்றபடி, நீங்கள் வாய்விட்டுச் சொல்வதை வைத்துத்தான் டாக்டர் கண்டுபிடிக்க வேண்டும். சொல்லாவிட்டால்?

எத்தனை பேருக்கு இந்தப் பிரச்னை?

பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோரில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருந்தது. பெருநகரங்களில் இன்னும் அதிகம். நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சையே பெறவில்லை. ஆய்வு நடந்த 12 மாநிலங்களில் தமிழ்நாடு இருந்தது, மகாராஷ்டிரா இல்லை. ஆக, மும்பைத் தமிழர்கள் இந்தக் கணக்கிலும் வரவில்லை!

'உடம்புதான் சரியில்ல'

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் வேலைக்கு வந்த குடும்பங்கள் தாராவியில் தலைமுறைகளாக வாழ்கின்றன. அங்கே ஓர் அம்மா கிளினிக்கில் என்ன சொல்வார்? "தலை பாரமா இருக்கு, கை கால் எரியுது, தூக்கமே வரல." மனசு என்ற வார்த்தையே வராது. வலி மாத்திரையும் சத்து டானிக்கும் கிடைக்கும். அவர் பொய் சொல்லவில்லை. மனச்சோர்வு உண்மையிலேயே உடம்பு வலியாகவும் வரும். கூட்டம் நிறைந்த கிளினிக்கில் அதற்கு மேல் கேட்க டாக்டருக்கும் நேரம் இருக்காது.

பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் இருந்தால் தனியாக அழக்கூட இடமில்லை. பக்கத்திலேயே சயான் மருத்துவமனை இருக்கிறது, அங்கே மனநலப் பிரிவும் உண்டு. ஆனால் மொழி? இந்தியோ மராத்தியோ சரளமாக வராத பாட்டிக்குப் பேத்திதான் மொழிபெயர்ப்பாளர் என்றால், மருமகளைப் பற்றியோ மறைந்த கணவரைப் பற்றியோ அவர் எப்படி மனம் திறப்பார்?

மாட்டுங்காவில் சிக்கல் வேறு. வசதி இருக்கும், டாக்டரும் கிடைப்பார். "தங்கச்சி கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்ற ஒரு வரியில் சிகிச்சை வருஷக்கணக்கில் தள்ளிப்போகும்.

வேலைக்குப் போகிறவருக்கு நோய் இருக்குமா?

'மனநோயாளி' என்றதும் நம் தலையில் வரும் படமும் ஒரு காரணம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு கொட்டகை தீப்பிடித்ததில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த நோயாளிகள் உட்பட 28 பேர் இறந்தார்கள். சங்கிலி, தர்கா, கூச்சல் என்று அந்தப் படம் அப்படியே நின்றுவிட்டது. செம்பூரில் ஹார்பர் லைன் ரயில் பிடித்து, நேரத்துக்கு ஆபீஸ் போய், மீட்டிங்கில் சிரித்துப் பேசும் ஒருவர் அதில் எங்கும் பொருந்த மாட்டார். அவரே தன்னை "கொஞ்சம் டென்ஷன்" என்றுதான் சொல்வார்.

எதைக் கவனிக்க வேண்டும்?

இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் மனசு கனத்துக் கிடப்பது, பிடித்த விஷயத்தில்கூட ஆர்வம் போவது, தூக்கமும் பசியும் மாறுவது, 'நான் எதுக்கும் லாயக்கில்ல' என்று தோன்றுவது: இவற்றில் பல சேர்ந்து வந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். உயிரை விடும் எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது, அன்றே பேச வேண்டும். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் இயங்கும், தமிழிலும் பேசலாம்.

செலவுக்கு என்ன வழி?

2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, உடல் நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீட்டு நிறுவனங்கள் கவரேஜ் தர வேண்டும். ஆனால் பல பாலிசிகள் மருத்துவமனையில் அட்மிட் ஆனால்தான் பணம் தரும். கவுன்சலிங்குக்கு அட்மிஷன் தேவைப்படாது என்பதால், அந்தச் செலவு பெரும்பாலும் உங்கள் கையிலிருந்துதான் போகும். ஆபீஸ் இன்ஷூரன்ஸில் 'ஓபிடி' சேர்ந்திருக்கிறதா என்று ஹெச்ஆரிடம் கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை, பல் டாக்டருக்கும் அதே கேள்விதான்.