ஒரு குவளைக் கஞ்சி

இன்று ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டைப் பற்றிக் கொஞ்சம்.

1994-இல் அங்கே தொடக்கப்பள்ளிக் கட்டணத்தை நீக்கினார்கள். சுமார் 19 லட்சமாக இருந்த மாணவர் எண்ணிக்கை ஏறத்தாழ 30 லட்சமானது. ஆனால் வந்தவர்களில் பலர் பாதியிலேயே நின்றுவிட்டார்கள். பசியும் ஒரு காரணம். எய்ட்ஸ் நோய் ஏராளமான பிள்ளைகளை அநாதையாக்கியிருந்தது. 2002-இல் பஞ்சமும் சேர்ந்துகொண்டது.

அந்த ஆண்டுதான் ஸ்காட்லாந்துக்காரர் மேக்னஸ் மெக்ஃபார்லேன்-பாரோ அங்கே போனார். மீன் பண்ணையில் வேலை பார்த்தவர்; 1992-இல் போஸ்னியப் போர் அகதிகளுக்கு ஜீப்பில் உதவிப்பொருள் கொண்டுபோனவர். 'மேரிஸ் மீல்ஸ்' என்ற அவரது தொண்டு 200 பிள்ளைகளோடு தொடங்கியது. மக்காச்சோளமும் சோயாவும் கலந்த மாவுக்கஞ்சி. வீட்டுக்குக் கொடுத்தனுப்பவில்லை, பள்ளியில்தான் ஊற்றினார்கள். கஞ்சி வேண்டுமென்றால் வகுப்புக்கு வரவேண்டும். காய்ச்சுவது சம்பளம் வாங்காத ஊர்த் தாய்மார்கள். இன்று பல நாடுகளில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள்.

பசித்த பிள்ளையின் கண் கரும்பலகையில் நிற்காது. இத்தனை வருடம் வகுப்பில் நின்ற எனக்கு அது தெரியும். கட்டணத்தை நீக்கியது கதவைத் திறந்துவிட்டது. பிள்ளையை உள்ளே உட்கார வைக்கக் கஞ்சியும் வேண்டியிருந்தது. உங்களில் ஆசிரியராக இருப்பவர்கள், பாடம் தொடங்குமுன் "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள்.