தலைப்பாகையும் விடுதிச் சோறும்

பாலாற்றின் வடகரையில், காஞ்சிபுரத்துக்குக் கிழக்கே அமைந்த வாலாஜாபாத், ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கி, ஒரு காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படைக்குரிய தண்டுகளில் ஒன்றாக விளங்கிற்று. வேலூர்க் கலகத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இவ்வூரை நினைப்பதில்லை. ஆயினும் 1806ஆம் ஆண்டில் சிப்பாய்களிடையே மனக்கலக்கம் பரவிய இடங்களில் ஐதராபாத், நந்திதுர்க்கம், பாளையங்கோட்டை ஆகியவற்றோடு வாலாஜாபாத்தும் ஒன்று. ஒரு பெரிய ஸ்தாபனம் தனக்கு நெருக்கடி நேரும்போது எதைச் சொல்கிறது, எப்போது சொல்கிறது, யாரை முன்னிட்டுச் சொல்கிறது என்பதன் சரித்திரத்தை எழுதப் புகுவோர்க்கு இந்தப் பிரதேசத்தைவிடப் பொருத்தமான தொடக்கம் கிடைப்பது அரிது.

கலகத்துக்கு முகாந்தரமானது ஒரு தலைப்பாகை. 1805 நவம்பரில் உத்தரவான அந்தப் புதிய தலைப்பாகை, தோல் சின்னம் பொருந்தி, பார்வைக்கு ஐரோப்பியரின் தொப்பியை ஒத்திருந்தது. நெற்றியில் சமயக்குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்னும் விதிகளும் அதனோடு சேர்ந்துகொண்டன. இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் ஒருங்கே அருவருப்பான இவ்வேற்பாடு, தம்மைக் கிறிஸ்தவராக்கும் முதற்படியே என்று சிப்பாய்கள் கருதியதில் வியப்பில்லை. 1806 மே மாதம் வேலூரில் ஒரு பட்டாளம் அதை அணிய மறுத்தபோது, இருபத்தொருவர் விசாரணைக்கு உட்பட்டு, இருவருக்குத் தலைக்குத் தொள்ளாயிரம் கசையடி விதிக்கப்பட்டது. அந்தத் தண்டனையே கம்பெனி அளித்த முதல் மறுமொழி. ஏன் அஞ்சுகிறீர்கள் என்ற கேள்வி எந்த அதிகாரியின் வாயிலிருந்தும் எழவில்லை.

ஜூன் மாதத்தில் முஸ்தபா பேக் என்னும் சிப்பாய் சதி உருவாகிறது என்று மேலதிகாரியிடம் தெரிவித்தான். அதை விசாரிக்கும் பொறுப்பு, சதியில் சம்பந்தப்பட்டவர்களையும் உள்ளடக்கிய சுதேசி அதிகாரிகளிடமே விடப்பட்டது. அவர்கள் அவனைப் பித்தன் என்று அறிவித்துச் சிறையிலிட்டனர். அதனினும் பரிதாபத்துக்குரியது ஜூலை 4ஆம் தேதிச் சம்பவம். படைத் தலைவர் சர் ஜான் கிராடக் இந்த மனக்கசப்பைக் குறித்து யோசனை கேட்க, வில்லியம் பெண்டிங்கின் தலைமையிலான சென்னை அரசாங்கம், தலைப்பாகையை விலக்கிக்கொள்வது உசிதமன்று என்று கூறி, எவருடைய சமயத்திலும் தலையிடும் எண்ணம் தனக்கில்லை என்று படைகளுக்கு உறுதியளிக்கும் உத்தரவு ஒன்றை மட்டும் வரைந்து கொடுத்தது. அதிருப்தி அவ்வளவு பெரிதன்று என்று கருதிய கிராடக் அதை வெளியிடவேயில்லை. ஆறு நாள் கழித்து, ஜூலை 10ஆம் தேதி விடியுமுன், வேலூர்க் கோட்டையில் துப்பாக்கிகள் முழங்கின. ஐரோப்பியர் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி என்னும் அதிகாரி குதிரைப்படையோடு வந்து கோட்டையை மீட்டபோது கொல்லப்பட்ட சிப்பாய்கள் அவர்களினும் பன்மடங்கினர். அந்த உத்தரவு வெளிவந்திருந்தால் இரத்தம் சிந்தியிராது என்று நான் வாதிக்கமாட்டேன். ஆனால் சொல்லவேண்டிய சொல் கையில் தயாராக இருந்தும் சொல்லப்படாமற்போனது, கலகத்தின் கொடூரத்தைப் போலவே என் மனத்தை வருத்துகிறது.

ஐதராபாத்தில் இருந்த மாண்ட்ரெஸர் என்னும் அதிகாரியின் நடத்தை இதற்கு மாறானது. அங்கே அச்சம் முற்றியிருப்பதைக் கண்ட அவர், மேலிடத்துச் சம்மதத்துக்குக் காத்திராமல், அம்மாதமே தம் பொறுப்பில் தலைப்பாகை உத்தரவை நிறுத்திவைத்தார், பதற்றம் தணிந்தது. சென்னையிலிருந்து முழுமையான பிரகடனம் வெளிவந்ததோ டிசம்பர் 3ஆம் தேதி. தேசபாஷைகளில் பெயர்த்து ஒவ்வொரு பட்டாளத்திலும் வாசிக்குமாறு கட்டளையிடப்பட்ட அப்பிரகடனத்தின் சாரம், ஜூலையில் அடக்கிவைக்கப்பட்ட உத்தரவின் சாரமே. இதற்கிடையில் பழியைச் சுமத்த இடம் தேடிய ஆட்சியாளர், வேலூரில் காவலில் இருந்த திப்புவின் புதல்வர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பினர். லண்டன் இயக்குநர்கள் மறு ஆண்டு பெண்டிங்கையும் கிராடக்கையும் பதவியிலிருந்து திருப்பி அழைத்தனர். தம்மீது வந்த பழியை மறுத்துப் பெண்டிங்க் எழுதிய நீண்ட விண்ணப்பம் அந்த இயக்குநர்களுக்கே முகவரியிடப்பட்டது.

தற்காலத் தொடர்பியல் அறிஞர் டிமோத்தி கூம்ஸ், நெருக்கடியில் ஸ்தாபனங்கள் கையாளும் மார்க்கங்களை மறுத்தல், சிறிதாக்கிக் காட்டுதல், பரிகாரம் செய்து நம்பிக்கையை மீட்டல் என வகுத்து, குற்றம் தம்மைச் சார்ந்ததென மக்கள் எவ்வளவு நம்புகிறார்களோ அவ்வளவுக்குப் பரிகாரத்தின் பக்கம் செல்லவேண்டும் என்கிறார். 1806இல் கம்பெனி இம்மூன்றையும், தவறான வேளையில் ஒவ்வொன்றாக, கையாண்டுவிட்டது.

வாலாஜாபாத்திலிருந்து ஒரகடம் வழியாக வண்டலூருக்குச் செல்லும் சாலையில் இன்று வாகனத் தொழிற்சாலைகள் நிறைந்திருக்கின்றன. வடக்கே சுங்குவார்சத்திரத்தில் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலை. 2021 டிசம்பர் 17ஆம் தேதி இரவு அந்நெடுஞ்சாலையில், ஆப்பிள் நிறுவனத்துக்குக் கைபேசி தயாரிக்கும் பாக்ஸ்கான் தொழிற்சாலையின் பெண் தொழிலாளர்கள் அமர்ந்து மறியல் செய்தனர். சில நாட்களுக்கு முன் பூந்தமல்லியில் ஒரு விடுதியில் உண்ட உணவால் நோயுற்றோர் இருநூற்றைம்பதுக்கு மேல். மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோர் 159 பேர். ஒரே அறையில் பலர் தரையில் படுத்துறங்கியதும், சில கழிப்பறைகளில் தண்ணீர் வராததும் பிறகு பத்திரிகைகளில் வெளிவந்தன. தோழியர் இருவர் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டவர்களுக்குத் தெளிவான விடை கிட்டவில்லை. அந்த வெற்றிடத்தில், அவர்கள் இறந்துவிட்டார்கள் என்னும் வதந்தி, ஆளுக்கொரு கைபேசியில் வாட்ஸ்அப் வழியே பரவிற்று. மாவட்ட நிர்வாகம் பேச்சு நடத்தியும், மருத்துவமனையில் இருந்தோர் உயிரோடிருப்பதைக் காணொளி அழைப்பில் காட்டியும், மறியல் மறுநாள்வரை நீடித்தது.

சிப்பாய்களும் இப்பெண்களும் ஒரே நிலையினர் என்று நான் கூறவில்லை. முன்னவர் ஆயுதம் தரித்தனர், பின்னவர் சாலையில் அமர்ந்தனர். ஆயினும் வதந்தி பிறந்த விதம் ஒன்றே: தண்ணீர் இல்லாத கழிப்பறையைப் பற்றி மாதக்கணக்கில் எவரும் செவிகொடுக்காதபோது, மரணத்தைப் பற்றிய மறுப்பை மட்டும் அவர்கள் எவ்வாறு நம்பியிருப்பர்?

சுமார் பதினேழாயிரம் பேர் வேலை பார்த்த அத்தொழிற்சாலை மூடிக் கிடந்தது. டிசம்பர் 29ஆம் தேதி, சில விடுதிகளும் உணவுக் கூடங்களும் தன் நியமங்களுக்கு ஒவ்வாதவை என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டு, அத்தொழிற்சாலையைத் தன் கண்காணிப்பில் வைத்தது. பாக்ஸ்கானும் வருத்தம் தெரிவித்து, உள்ளூர் நிர்வாகத்தை மாற்றி அமைப்பதாகவும், வேலை நின்ற நாட்களுக்கும் ஊதியம் தருவதாகவும் அறிவித்தது. இவ்வார்த்தைகளில் மறுப்பு இல்லை, பிறர்மீது பழி இல்லை. அவ்வளவில் இவை பெண்டிங்கின் விண்ணப்பத்தைவிட மேலானவை. எனினும் முதலில் கேட்டிருக்க வேண்டியவர்கள் உண்டு நோயுற்ற பெண்களே. இருவாரத் தாமதம் அவர்களுக்குத்தான் பெரிது. 2022 ஜனவரி 12ஆம் தேதி சில நூறு பேரோடு வேலை மீண்டும் தொடங்கிற்று. வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய, 18,720 பேர் தங்கக்கூடிய விடுதிகளை 2024 ஆகஸ்ட் 17ஆம் தேதி முதலமைச்சர் மு.க.ஸ்டாலின், பாக்ஸ்கான் தலைவர் யங் லியூவின் முன்னிலையில் திறந்துவைத்தார். நெடுஞ்சாலையில் அமர்ந்த பெண்களின் கேள்விக்கு, சொல்லாக அன்றிக் கட்டடமாக வந்த மறுமொழி அது.