பெயர் வந்த வழி – 14: உலைக்களம் இல்லாத கொல்லர்கள்

1346ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10. மத்தியதரைக் கடலில் இருக்கும் மயோர்க்கா தீவைச் சேர்ந்த மாலுமி ஒருவர், ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையை நோக்கிப் பாய் விரித்தார். அவர் தேடிப் போனது ‘பொன் ஆறு’. ஆற்றைக் கண்டாரா, ஊர் திரும்பினாரா என்பதற்குப் பதிவு எதுவும் கிடையாது. ஆனால் 1375 வாக்கில் வரையப்பட்ட புகழ்பெற்ற ‘கத்தலான் நிலப்பட’த்தில் அவருடைய கப்பல் கனேரித் தீவுகளுக்கு அப்பால் மிதந்துகொண்டிருக்கிறது. பக்கத்தில் அவர் புறப்பட்ட தேதியும் பெயரும் எழுதப்பட்டிருக்கின்றன: ஜவுமே ஃபெரர்.

கத்தலான் மொழியில் ஃபெரர் என்றால் கொல்லர். மாலுமிக்கு எதற்குக் கொல்லர் பட்டம்?

அந்தக் கப்பல் புறப்பட்ட நான்காவது ஆண்டில், 1350 ஜனவரியில், வலென்சியா நகரில் ஒரு குழந்தை பிறந்தது. பிற்காலத்தில் புனிதர் வின்சென்ட் ஃபெரர் என்று கத்தோலிக்க உலகம் கொண்டாடப்போகும் குழந்தை. தந்தை கில்லெம் ஃபெரர் அந்த நகரத்து நோட்டரி. பத்திரம் எழுதிப் பிழைத்தவர். சம்மட்டி பிடித்தவர் அல்ல. ஆக, 14ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே அந்தப் பெயர் உலைக்களத்தை விட்டு இறங்கி நடக்கத் தொடங்கிவிட்டது.

சென்ற வாரம் தந்தையின் பெயரோடு ‘எஸ்’ ஒட்டிக்கொண்டு பிறந்த கொன்சாலஸ், ரோட்ரிகஸ், லோபஸ்களைப் பார்த்தோம். இந்த வாரம் தொழிலில் பிறந்த பெயர்கள். ஸ்பெயினின் தொழில்வழிப் பெயர்களில் நீண்ட தூரம் பயணம் செய்தவற்றுள் ஒன்று, இந்தக் கொல்லர் பெயர்.

ஊருக்கு ஒருவர்

12, 13ஆம் நூற்றாண்டுகளின் ஸ்பானிய ஊர்களில் பெயர்ப் பஞ்சம் இருந்தது. எந்தத் தெருவில் பார்த்தாலும் ஹுவான், பெத்ரோ, தொமிங்கோ. நிலத்தை விற்றாலும் கடன் வாங்கினாலும் பத்திரத்தில் எந்த ஹுவான் என்று தெளிவாக எழுத வேண்டும். மகன் பெயரில் தந்தையைச் சேர்த்தார்கள். வந்தேறியானால் சொந்த ஊரைச் சேர்த்தார்கள். தொழிலாளியானால் தொழிலைச் சேர்த்தார்கள்.

ஆளை அடையாளம் காட்ட கொல்லர் தொழிலைப் போல வசதியான தொழில் வேறில்லை. சிற்றூரில் உழவர்கள் நூறு பேர் இருப்பார்கள். ‘உழவர் ஹுவான்’ என்றால் யாருக்கும் புரியாது. உலைக்களம் பெரும்பாலும் ஒன்றுதான். ‘கொல்லர் ஹுவான்’ என்றால் ஊருக்கே தெரியும். கலப்பைக் கொழு மழுங்கினாலும், கோவேறு கழுதைக்கு லாடம் தேய்ந்தாலும், கதவின் கீல் கழன்றாலும் அவரிடம்தான் போக வேண்டும். கஸ்தீலிய ஊர்களில் கொல்லரோடு ஆண்டு ஒப்பந்தம் போடும் வழக்கம் இருந்தது. நம் ஊரில் கொல்லருக்குக் களத்துமேட்டில் நெல் அளந்ததுபோல, அங்கே அறுவடைக்குப் பின் கோதுமை அளந்தார்கள்.

இந்தப் பெயரை யாரும் பெருமைக்காகச் சூட்டிக்கொள்ளவில்லை. அக்கம்பக்கத்தார் கூப்பிட்டார்கள், நோட்டரி எழுதிக்கொண்டார், பேரன் காலத்தில் கழற்ற முடியாமல் ஒட்டிக்கொண்டது.

ஒரு தொழில், பல பெயர்கள்

இங்கிலாந்தில் கொல்லர் என்று பொருள்படும் ஸ்மித்தான் நாட்டிலேயே அதிகம் பேர் வைத்திருக்கும் குடும்பப்பெயர். ஸ்பெயினில் முதலிடம் கார்சியாவுக்கு. அடுத்தடுத்த இடங்களில் ரோட்ரிகஸ், கொன்சாலஸ் வகையறாக்கள். அங்கே கொல்லர்கள் குறைவா? இல்லை. பெருவாரியான மக்களைத் தந்தைவழிப் பெயர்கள் வாரிக்கொண்டன என்பது ஒரு காரணம். மிஞ்சிய கொல்லர்களும் ஒரே பெயரில் நிற்கவில்லை என்பது இன்னொரு காரணம். ஸ்பெயின் ஒரு நாடு, மொழிகளோ பல.

லத்தீனில் இரும்பு ‘ஃபெர்ரும்’, கொல்லர் ‘ஃபெர்ராரியுஸ்’. ரோமப் பேரரசு சரிந்த பிறகு தீபகற்பத்தின் ஒவ்வொரு மூலையிலும் லத்தீன் ஒவ்வொரு விதமாக உருமாறியது. கிழக்கே கத்தலோனியா, வலென்சியா, மயோர்க்காவில் அது ‘ஃபெரர்’ ஆனது. வடமேற்கே கலீசியாவில் ‘ஃபெரெய்ரோ’. கஸ்தீலியத்திலோ வேறொரு மாற்றம் நடந்தது. சொல்லின் தொடக்கத்தில் இருந்த ‘ஃப’ ஒலி தேய்ந்து ‘ஹ’ ஆனது. பிறகு அந்த ‘ஹ’வும் வாயிலிருந்து மறைந்து, எழுத்தில் மட்டும் தங்கியது. மாவைக் குறிக்கும் ‘ஃபரீனா’ அங்கே ‘அரினா’ ஆனது. மகனைக் குறிக்கும் ‘ஃபிலியுஸ்’ ‘இஹோ’ ஆனது. அதே வழியில் கொல்லர் ‘எர்ரெரோ’ ஆனார்.

இந்த ஒலிமாற்றத்தின் சாட்சி நம் தூத்துக்குடிக் கரையிலும் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறை மக்கள் போர்ச்சுகீசியரிடமிருந்து பெற்ற பெர்னாண்டோ, கஸ்தீலியர் வாயில் எர்னாண்டோ என்றும் ஆகிவிடுகிறது. போர்ச்சுகீசியம் ‘ஃப’வைக் கைவிடவில்லை; நம் கரைக்கு அப்போது வந்தவர்களும் போர்ச்சுகீசியர்கள்.

எர்ரெரோவைவிட உலகில் அதிகம் கேட்கும் பெயர் ‘எர்ரேரா’. கேட்பதற்குப் பெண்பால் போலத் தோன்றினாலும் கொல்லரின் மனைவிக்கும் இதற்கும் தொடர்பில்லை. இரும்பு உருக்கும் இடத்தைக் குறித்த லத்தீன் ‘ஃபெர்ராரியா’விலிருந்து வந்தது அது. ஸ்பெயினில் எர்ரேரா தெ பிசுவெர்கா, எர்ரேரா தெல் தூக்கே என்று அந்தப் பெயரில் ஊர்களே உண்டு. ஊரைவிட்டு வெளியே குடியேறியவர்கள் ஊர்ப்பெயரைக் கூடவே கொண்டுபோனார்கள். ஆகவே எர்ரேராவின் மூதாதை கொல்லராக இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை. உலைக்களத்தால் பெயர் பெற்ற ஊரில் ஆடு மேய்த்தவராகவும் இருந்திருக்கலாம்.

பாஸ்க் நாட்டுக்காரர்களின் மொழி லத்தீன் குடும்பத்திலேயே சேராதது. அங்கே கொல்லர் ‘அரோட்ஸ்’; அவருடைய பட்டறை இருக்கும் இடம் ‘அரோஸ்தெகி’. அதுவும் குடும்பப்பெயர் ஆனது. இத்தனைக்கும் தீபகற்பத்தின் இரும்பு வளம் குவிந்துகிடந்தது பாஸ்க் பகுதியில்தான். பில்பாவோவுக்கு மேற்கே சொமொர்ரோஸ்த்ரோ மலைகளில் வெட்டிய தாது, ஆற்றங்கரை உலைகளுக்கு வந்து சேரும். காட்டு மரத்தைக் கரியாக்கி உலை மூட்டினார்கள். துருத்தியையும் பெருஞ்சம்மட்டியையும் நீர்ச்சக்கரம் இயக்கியது. பில்பாவோவின் இரும்பு எவ்வளவு தூரம் போனதென்றால், ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலத்தில் வாளுக்கே ‘பில்போ’ என்று ஒரு பெயர் இருந்தது.

லத்தீனில் கைவினைஞரைக் குறித்த ‘ஃபாபெர்’ என்ற இன்னொரு சொல்லும் கத்தலான் பகுதியில் ‘ஃபப்ரா’வாகப் பிழைத்தது. கத்தலான் மொழிக்கு நவீன இலக்கணமும் 1932இல் அகராதியும் தந்த பொம்பேவு ஃபப்ரா அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர். பொறியியல் படித்து, மொழியைச் செப்பனிட்டவர்.

ஆக, ஸ்பெயினில் ஒருவரின் குடும்பப்பெயர் கொல்லர் என்று சொன்னால், அவருடைய முன்னோரின் தொழிலைவிட அவர்கள் எந்த மொழியில் அழைக்கப்பட்டார்கள் என்பதைத்தான் அது உறுதியாகச் சொல்கிறது.

இரண்டு ஃபெரர் சகோதரர்கள்

நோட்டரியின் மகன் வின்சென்ட், தொமினிக்கன் சபைத் துறவியாகி, ஐரோப்பாவையே நடந்து அளந்த போதகர் ஆனார். 1410இல் அரகோன் மன்னர் மார்ட்டின் வாரிசில்லாமல் இறந்தபோது, அடுத்த மன்னர் யார் என்று முடிவுசெய்ய 1412இல் காஸ்பே நகரில் ஒன்பது பேர் கூடினார்கள். அந்த ஒன்பதில் இருவர் கொல்லர் வீட்டுப் பெயர்க்காரர்கள்: வின்சென்ட், அவருடைய சகோதரரான கார்த்தூசியத் துறவி பொனிஃபாசியோ. இருவரும் ஆதரித்த கஸ்தீலிய இளவரசர் பெர்னாந்தோவே அரியணை ஏறினார். கஸ்தீலியாவும் அரகோனும் பின்னாளில் நெருங்கி வருவதற்கு அந்தத் தீர்ப்பு ஒரு வாசல்.

இதே 1412இல் கஸ்தீலியாவின் வல்லதோலித்தில் யூதர்களுக்கு எதிராக ஒரு கடுஞ்சட்டம் வந்தது. அவர்கள் கிறிஸ்தவர்களுக்கு லாடம் அடிக்கக் கூடாது, தச்சு வேலை, தையல், செருப்புத் தைத்தல் செய்யக் கூடாது என்றெல்லாம் விதித்த சட்டம். இதன் பின்னால் வின்சென்ட்டின் பிரசாரம் இருந்ததாக வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். அப்படியானால் உலையின் பெயரைச் சுமந்த போதகரின் செல்வாக்கால் பிறர் கைத்தொழில் பறிபோனது. வின்சென்ட் 1419இல் பிரான்ஸின் வான் நகரில் இறந்தார். 1455இல் புனிதர் பட்டம் பெற்றார்.

கசடு மேட்டில் ஒரு மாளிகை

மாட்ரிட் அருகே இரண்டாம் பிலிப் மன்னர் 1563இல் கட்டத் தொடங்கிய எல் எஸ்கொரியால், மடமும் அரண்மனையும் அரச கல்லறையும் ஒன்றாகச் சேர்ந்த கருங்கல் மலை. முதல் கட்டடக்கலைஞர் ஹுவான் பவுத்திஸ்தா தெ தொலேதோ 1567இல் இறந்தார். வேலையை ஏற்று 1584இல் முடித்தவர் ஹுவான் தெ எர்ரேரா. அலங்காரத்தை உரித்தெறிந்து கோடும் கோணமுமாக அவர் எழுப்பிய பாணிக்கே ‘எர்ரேரா பாணி’ என்று பெயர். இரும்பு உலையில் எஞ்சும் கசடுக்கு ஸ்பானியத்தில் ‘எஸ்கோரியா’ என்பார்கள். அருகில் பழைய உலைகளின் கசடு குவிந்திருந்ததால்தான் ஊர் எஸ்கொரியால் ஆனது என்பது பரவலான விளக்கம். அப்படியானால் உலைக்களத்தின் பெயர்கொண்டவர் உலைக் கசடின் பெயர்கொண்ட ஊரில் தன் பெயரை நிலைநாட்டியிருக்கிறார்.

அவருடைய சமகாலத்தவர் இன்னொரு எர்ரேரா: அமெரிக்க நாடுகளின் தலைமை வரலாற்றாசிரியராக 1596இல் நியமிக்கப்பட்ட அந்தோனியோ தெ எர்ரேரா. அமெரிக்க மண்ணை மிதிக்காமலே, அரசு ஆவணங்களை வைத்து அதன் பெருவரலாற்றை எழுதியவர். அவருடைய தந்தை ரொத்ரிகோ தெ தொர்தெசியாஸ்; தாய்தான் எர்ரேரா. மகன் தாயின் பெயரை முன்னே வைத்துக்கொண்டார். அந்தக் காலத்தில் அது குற்றமுமல்ல, அதிசயமுமல்ல. ஒரே வீட்டில் அண்ணன் ஒரு பெயரோடும் தங்கை வேறு பெயரோடும் வாழ்ந்தார்கள். சொத்து எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கப் பெயர் மணக்கும்.

பெயரைக் கட்டிப்போட்டவை பதிவேடுகள். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொலேதோ பேராயர் சிஸ்நெரோஸ் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கட்டாயமாக்கினார். 1563இல் முடிந்த திரெந்து பொதுச்சங்கம் அந்த ஒழுங்கை மேலும் பரப்பியது. 1870இன் குடிமைப் பதிவுச் சட்டத்துக்குப் பிறகு தந்தை பெயர் ஒன்று, தாய் பெயர் ஒன்று என இரண்டும் சட்டப்படி நிலைத்தன. 1999 முதல் வரிசையை மாற்றிக்கொள்ளவும் பெற்றோருக்கு உரிமை உண்டு.

கடல் கடந்த பெயர்

பேரரசு போன இடமெல்லாம் பெயரும் போனது. பிலிப்பைன்ஸில் 1849இல் ஆளுநர் கிளவெரியா பெயர்ப்பட்டியல் ஒன்றை அச்சிட்டு, குடும்பப்பெயர் இல்லாதவர்களுக்கு அதிலிருந்து விநியோகித்தார். சொந்த மண்ணில் அக்கம்பக்கத்தார் வாயில் பிறந்த பெயர்கள், அங்கே அரசு உத்தரவில் ஊர் ஊராகப் பங்கிடப்பட்டன.

கரீபியனில் போர்த்தோ ரிக்கோவின் ஹொசே ஃபெரர், ‘சிரானோ தெ பெர்ஜெராக்’ படத்துக்காகச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் வென்றார். கியூபாவின் இப்ராஹிம் ஃபெரர், வயதான காலத்தில் செருப்புக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தபோது 1996இல் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைக்கப்பட்டு, உலகப் புகழ் பெற்ற பாடகரானார். டென்னிஸ் ரசிகர்களுக்கு 2003 பிரெஞ்சு ஓபன் சாம்பியன் ஹுவான் கார்லோஸ் ஃபெரெரோவையும், 2013 இறுதிப் போட்டிவரை போன டேவிட் ஃபெரரையும் நினைவிருக்கும். இருவரும் வலென்சியா வட்டாரத்துக்காரர்கள்.

பார்சலோனாவில் 1901இல் ‘நவீனப் பள்ளி’யைத் தொடங்கிய பிரான்சிஸ்கோ ஃபெரர், மதபோதனை இல்லாமல், ஆண்களையும் பெண்களையும் சேர்த்து உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். மொரோக்கோப் போருக்கு ஆளெடுப்பதை எதிர்த்து 1909 ஜூலையில் வெடித்த கலவரத்தைத் தூண்டினார் என்று குற்றம்சாட்டி, அதே ஆண்டு அக்டோபர் 13 அன்று மொன்ஜுயிக் கோட்டையில் அவரைச் சுட்டுக்கொன்றார்கள். ஐரோப்பிய நகரங்கள் கொதித்தெழுந்தன. சில நாட்களிலேயே பிரதமர் மவுரா பதவி இழந்தார்.

புனிதரின் பெயரையும் குடும்பப்பெயரையும் அப்படியே பெற்ற இன்னொருவர் நமக்கு அண்டை வீட்டுக்காரர். 1920இல் பார்சலோனாவில் பிறந்த விசென்தே ஃபெரர், ஸ்பானிய உள்நாட்டுப் போரில் எப்ரோ களத்தைப் பார்த்தவர்; பின் இயேசு சபையில் சேர்ந்து 1952இல் மும்பை வந்தார். மகாராஷ்டிரத்தின் மன்மாட் பகுதியில் விவசாயிகளோடு கிணறு வெட்டினார். செல்வாக்கு பெருகவே எதிர்ப்பும் பெருகி, 1968இல் நாட்டைவிட்டு வெளியேற உத்தரவு வந்தது. ஆயிரக்கணக்கான விவசாயிகள் அவருக்காகத் தெருவில் இறங்கினார்கள். இந்திரா காந்தி தலையிட்டு அவர் திரும்பிவர வழிசெய்தார். 1969இல் அவர் தேர்ந்தெடுத்த இடம் ஆந்திரத்தின் வறண்ட அனந்தபூர். சபையை விட்டு விலகி, ஆன் பெர்ரியை மணந்து, கிராம வளர்ச்சி அறக்கட்டளையை வளர்த்தார். வீடு, பள்ளி, மருத்துவமனை என்று பணி விரிந்தது. 2009இல் அங்கேயே காலமானார்.

ராயலசீமையில் அவர் பெயரைச் சொல்பவர்களில் ஃபெரர் என்றால் கொல்லர் என்று அறிந்தவர்கள் சொற்பமே. அது தெரியாததால் யாருக்கும் எதுவும் குறைந்துவிடவில்லை. ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன் வலென்சியாவின் நோட்டரிக்கே அந்தப் பொருள் தேவைப்படவில்லையே!

(அடுத்த வாரம்: மன்னரின் அதிகாரிக்கும் செம்மறியாட்டு ரோமத்துக்கும் ஒரே பெயர் – மெரினோ)