மணலில் தொடங்கிய படிப்பு



சென்ற ஆண்டு, எங்கள் பாலர் வகுப்பில் படிக்கும் ஒரு பையனின் தாயார், வெளிக்காட்டு வேலை முடிந்த கையோடு எங்களைப் பார்க்க வந்தார். "என்ன டீச்சர், பிள்ளையோட நோட்டுப் புத்தகம் வெறுமையா இருக்கு. தினமும் மணலும் ரப்பர் கொட்டையும்தான்னு சொல்றான். படிப்பு எப்போ ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். தங்காக் வட்டாரத்துத் தோட்டங்களில் இதைக் கேட்காத தாய்மார் குறைவு. அன்று ஏதோ சுருக்கமாகச் சொல்லி அனுப்பிவிட்டோம். அதற்குரிய பதில் இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு கதையில் இருக்கிறது. அதை இன்று சொல்லலாம் என்று நினைக்கிறோம்.

ஆண்ட்ரூ பெல் என்பவர் ஸ்காட்லாந்துப் பாதிரியார். 1787இல் சென்னைக்கு வந்தார். 1789இல் எழும்பூரில் அமைந்த ஆண் அநாதைப் பிள்ளைகள் இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். அங்கே பாடம் நடந்தது. ஆனால் பிள்ளைகளுக்கு ஏறவில்லை. அந்நாளில் ஒரு பள்ளியைப் பெல் பார்க்க நேர்ந்தது. 'மலபார்ப் பள்ளி' என்று அவர் குறித்தார். அக்கால ஐரோப்பியர் தமிழரையும் அப்படித்தான் அழைத்தார்கள். அங்கே சின்னஞ்சிறு பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி, விரலால் எழுத்தை வரைந்துகொண்டிருந்தார்கள். நம் திண்ணைப் பள்ளிகளில் அது அன்றாடக் காட்சி. பெல்லுக்கோ அது பெரிய கண்டுபிடிப்பாக இருந்தது.

அதில் என்ன புதுமை என்று கேட்கிறீர்களா? மணலில் எழுதும் பிள்ளை என்னென்ன செய்கிறது என்று பாருங்கள். விரல் வளைகிறது, வாய் எழுத்தின் ஒலியைச் சொல்கிறது, காது அதைக் கேட்கிறது, கண் வடிவத்தைப் பிடிக்கிறது. பிழை வந்தால் உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் போதும். சிவப்பு மைக் கோடு இல்லை, அழுகை இல்லை. மொழி ஒரு மணி, கணக்கு ஒரு மணி, கைவேலை ஒரு மணி என்று அங்கே மணியடித்துப் பிரிக்கவில்லை.

தம் பள்ளியில் இதைச் செய்யச் சொன்னார் பெல். உதவி ஆசிரியரிடம் அது நடக்கவில்லை. உடனே ஜான் பிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் சிறுவர்களை ஒப்படைத்தார். ஆசிரியரால் ஆகாதது அந்தப் பையனால் ஆயிற்று! பெல் 1797இல் லண்டனில் இதைப் பற்றி நூல் வெளியிட்டார். 'மதராஸ் முறை' இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. அவர் பிறந்த ஊரான செயின்ட் ஆண்ட்ரூசில் 'மதராஸ் கல்லூரி' என்ற பெயரில் ஒரு பள்ளி இன்றும் நடக்கிறது.

கேட்கப் பெருமையாக இருக்கிறதல்லவா? ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. பிற்காலத்தில் பால்மரக் காட்டுக்குக் கப்பல் ஏறி வந்த நம் முன்னோர் பலருக்கு அந்தத் திண்ணையில் இடம் கிடைத்ததில்லை. சாதி குறுக்கே நின்றது. பெண் பிள்ளைகள் நிலையும் ஏறக்குறைய அதுதான். சென்னை மணல் லண்டன் வரை போயிற்று. பக்கத்துச் சேரிக்குப் போகவில்லை.

இங்கே வந்த பிறகு? கூட்டு மலாய் மாநிலங்களில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. ஜொகூர் அந்தக் கூட்டில் சேராத மாநிலம். இருந்தாலும் இங்கும் தோட்டப் பள்ளிகள் எழுந்தன. ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் படிப்பைப் பற்றி அந்தச் சட்டத்துக்குக் கவலையில்லை. அதற்கு ஆயாக் கொட்டகையும் ஒரு தூளியும் போதும் என்று இருந்துவிட்டார்கள். பாலர் கல்வி 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில்தான் தேசியக் கல்வி முறைக்குள் வந்தது. 2010இல் வந்த பாலர் பள்ளிக் கலைத்திட்டம், பாடங்களைப் பிரிக்காமல் ஒரு கருப்பொருளை வைத்து, விளையாட்டோடு இணைத்து நடத்தச் சொன்னது. பழைய மணல் புதிய பெயரில் வந்தது என்றே எங்களுக்குத் தோன்றியது.

ஆனால் நாங்களும் தொடக்கத்தில் அதை நம்பவில்லை. பயிற்சித் தாள்களை அடுக்கடுக்காகக் கொடுத்தோம். ஒரு பையன் 1 முதல் 50 வரை மூச்சுவிடாமல் ஒப்பிப்பான். எங்களுக்கும் பெருமை. ஒருநாள் வகுப்பில் பிறந்தநாள் பலகாரம் வந்தது. "ஏழு தட்டு எடுத்து வா" என்றோம். கைக்கு அகப்பட்டதையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து நின்றான். ஏழு என்ற சொல் அவன் வாயில் இருந்தது, கையில் இல்லை. அன்று தலைகுனிந்தது அவனல்ல, நாங்கள்தான்.

இப்போது ரப்பர் கொட்டையை வைத்து ஒரு காலைப்பொழுதே ஓட்டுகிறோம். ஆளுக்கு ஐந்து எண்ணி எடுக்க வேண்டும், அது கணக்கு. பக்கத்துப் பிள்ளைக்கு இரண்டு கொடுத்துவிட்டு மீதி எத்தனை என்று சொல்ல வேண்டும். அதில் கணக்கும் உண்டு, பேச்சும் உண்டு, விட்டுக்கொடுப்பதும் உண்டு. வாளி நீரில் போட்டால் மூழ்குமா, மிதக்குமா? முதலில் ஊகம், பிறகு சோதனை. கொட்டை மிதக்கும்போது எழும் கூச்சலைத் தலைமையாசிரியர் அறை வரை கேட்கலாம். கடைசியில் 'மரம்' என்று மணலில் எழுதுவார்கள். நோட்டுப் புத்தகத்தில் ஒன்றும் இராது.

வீட்டிலும் செய்யலாம். பிஸ்கட் டின் மூடி ஒன்று, சலித்துக் கழுவிக் காயவைத்த மணல் இரண்டு கைப்பிடி போதும். நீங்கள் சமைக்கும்போது பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, வெங்காயம் எத்தனை என்று எண்ணி அந்த எண்ணை மணலில் எழுதட்டும். ரப்பர் கொட்டையை மட்டும் வாயில் வைக்க விடாதீர்கள். பச்சைக் கொட்டையில் நஞ்சு உண்டு. இரவில் மணலை மூடி வையுங்கள். இல்லையென்றால் பூனை உங்களுக்கு முன்னால் அதில் எழுதிவிடும்.